பழைய பிக்கப்பின் நரைத்துப்போன பிளாஸ்டிக்: ஹீட் கன்னா, கோட்டிங்கா, பெயின்ட்டா?

#1 பழைய_பிக்கப்

வணக்கம் நண்பர்களே. 20 வருடம் தாண்டிய டபுள் கேப் பிக்கப். பாடி நன்றாக இருக்கிறது, பெயின்ட்டும் பாலிஷ் போட்டால் மின்னுகிறது. வெளியே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் மட்டும் மொத்தமாக நரைத்துவிட்டது. எல்லாம் ஒரே மாதிரி நரைக்கவில்லை என்பதால் தனித்தனியாக எழுதுகிறேன்.

வைப்பருக்குக் கீழே உள்ள கவுல் தட்டுதான் மோசம். விரலை வைத்துத் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி மாவு ஒட்டுகிறது. டயருக்கு மேலே உள்ள வளைவுப் பட்டைகள், அதாவது நான்கு வீல் ஆர்ச்சும் சாம்பல் நிறம், மேலிருந்து கீழாக நீர் வழிந்த கோடுகள். முன் பம்பரின் கீழ்ப்பகுதி ஓரளவு கருப்புதான், ஆனால் பெயின்ட்டை ஒட்டிய ஓரத்தில் வெள்ளைத் திட்டுகள். சைடு மிரர் கூடுகளில் மேல்தோல் செதில் செதிலாக உரிகிறது. பின் தொட்டியின் மேல்விளிம்பு கேப்பில் நரையோடு ஆழமான கீறல்களும் சேர்ந்து இருக்கின்றன.

பளபளப்பு தரும் டிரெஸ்ஸிங் போட்டால் இரண்டு வாரம் கருப்பாக இருக்கிறது. ஒரு மழை, ஒரு வாட்டர் வாஷ், அதோடு பழைய நிலைமை. நிலைத்து நிற்கும்படி செய்ய வழி என்ன?

#2 பட்டறைக்காரர்

நீங்க எழுதினதிலேயே பாதி பதில் இருக்கு. இது ஒரு நோய் இல்லை, நாலு நோய். எல்லாத்துக்கும் ஒரே பாட்டிலைத் தேடினா கிடைக்காது.

பம்பர் ஓரத்து வெள்ளைத் திட்டு வெயிலால வந்தது இல்லை. பாடிக்குப் போட்ட பாலிஷும் வேக்ஸும் பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள்ள இறங்கிக் காய்ஞ்சு நிக்குது. உத்துப் பாருங்க, மேடு கருப்பா இருக்கும், பள்ளத்துல மட்டும் வெள்ளை இருக்கும். வெயில் நரை அப்படி வராது. வானம் பார்த்த பக்கம் அதிகமா, நிழல் பக்கம் குறைவா, பரவலா இருக்கும்.

மிரர் கூட்டுல உரியறது பிளாஸ்டிக் இல்லை, அதுமேல அடிச்சிருக்கிற பெயின்ட். அதுக்கு எந்த டிரெஸ்ஸிங்கும் எந்த கோட்டிங்கும் உதவாது. சுரண்டி எடுத்துட்டுத் திரும்ப அடிக்கணும்.

கவுல், வீல் ஆர்ச், தொட்டி கேப் மூணும் உண்மையான வெயில் நரை. அங்க ஒரு சோதனை பண்ணுங்க. சோப்பு போட்டுக் கழுவிட்டு, ஈரம் இருக்கும்போதே பாருங்க. ஈரத்துல நல்ல கருப்பா மாறினா உள்ள நிறம் இன்னும் இருக்கு, நிறமில்லாத கோட்டிங்கே போதும். ஈரத்துலயும் சாம்பலாவே நின்னா ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, மேல்தோல் ரொம்ப மாவாயிடுச்சு. இல்லைன்னா, அந்தப் பாகம் கம்பெனியிலிருந்து வரும்போதே கருஞ்சாம்பல் நிறம். வெயில் படாத பின்பக்கத்தையோ கிளிப்புக்கு அடியிலயோ பார்த்தா பழைய நிறம் தெரிஞ்சிடும். இதைப் பார்க்காம கருப்புச் சாயம் பூசிட்டா திரும்பச் சாம்பலாக்க வழி கிடையாது.

#3 பாலிமர்

பட்டறைக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எந்தப் பாகத்தையும் தொடும் முன் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் பெயர் அச்சாகியிருக்கும். பிபி என்றால் பாலிபுரொப்பிலீன். பிபி+இபிடிஎம் என்றால் ரப்பர் கலந்தது. பம்பரும் ஆர்ச்சும் பெரும்பாலும் இதுதான். பின்னால் டிடி20 (TD20) என்று இருந்தால் 20 சதவீதம் டால்க், அதாவது ஒருவகைக் கல்மாவு, கலந்திருக்கிறது என்று அர்த்தம். மிரர் கூடு, கிரில் போன்றவை பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ, இரண்டும் பிபி அல்லாத வேறு வகைக் கடின பிளாஸ்டிக்.

அச்சு இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் 320 உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். ஏபிஎஸ் உலர்ந்த தூளாக உதிரும். பிபி உருகியது போல் இழுபட்டு மெல்லிய நார் கிளம்பும். இன்னொரு வழி, பின்பக்கத்தில் ஒரு சொட்டு அசிட்டோன். ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பிபிக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். வெறும் பிபியின் அடர்த்தி சுமார் 0.9, அது மிதக்கும். ஆனால் 20 சதவீதம் டால்க் சேர்ந்தால் 1.05 வரை போய்விடுவதால் ஏபிஎஸ் போலவே மூழ்கும்.

நரை ஏன் வருகிறது என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. புற ஊதாக் கதிர் பிபியின் நீண்ட சங்கிலிகளை வெட்டுகிறது, காற்றிலுள்ள ஆக்சிஜன் வெட்டிய முனைகளில் சேர்கிறது. இதைத் தடுக்கவென்று ஆலையில் கலந்த ஒளித்தடுப்பு மருந்து வருடக்கணக்கில் செலவாகித் தீர்ந்துபோகிறது. அதன் பிறகு மேல்தோல் நொறுங்கி நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. அந்த வெடிப்புகளில் ஒளி சிதறுவதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. டால்க் கலந்த பாகமாக இருந்தால் அந்த டால்க்கும் வெளியே வந்து மாவாகக் கையில் ஒட்டும். கருப்பு நிறமி பெரும்பாலும் போகவில்லை, வெடிப்புகளுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. ஈரத்தில் கருப்பாவது அதனால்தான். தண்ணீர் வெடிப்புகளை நிரப்பியதும் ஒளி சிதறுவது நின்றுவிடுகிறது.

டிரெஸ்ஸிங் செய்யும் வேலையும் அதேதான். தண்ணீருக்குப் பதில் சிலிக்கோன் எண்ணெய் நிரப்புகிறது. கழுவினால் போய்விடும்.

#4 கழுவுதுறை

எல்லாரும் பூசுவதைப் பற்றியே பேசுகிறார்கள். பூசியது ஏன் நிற்கவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை காரணம் கழுவியதில் இருக்கும். இவருடைய வண்டியில் வருடக்கணக்கில் டிரெஸ்ஸிங் ஊறியிருக்கிறது. அதை முழுதாக எடுக்காமல் எதைப் பூசினாலும் எண்ணெய் மேல்தான் உட்காரும்.

தேவை: ஆல் பர்ப்பஸ் கிளீனர், நடுத்தர நைலான் பிரஷ் ஒன்று, சந்துகளுக்குப் பழைய டூத் பிரஷ், மெலமைன் ஸ்பாஞ்ச், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பத்துப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணிகள், மாஸ்கிங் டேப்.

நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். முதலில் சாதாரண ஷாம்பூ வாஷ், மண் போகட்டும். பிறகு பெயின்ட் ஓரம் முழுக்க டேப் ஒட்டுங்கள். கிளீனரை ஆர்ச்சுக்கும் கவுலுக்கும் 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர் என்று கலக்கலாம். ஓரளவு சுத்தமாக இருக்கும் பகுதிக்கு 1க்கு 10 போதும். தெளித்து ஒரு நிமிடம் விட்டு, பிரஷ்ஷை முதலில் நீளவாட்டில், பிறகு குறுக்கே, பிறகு வட்டமாகத் தேயுங்கள். சொரசொரப்பின் பள்ளத்துக்குள் நார் இறங்க இந்த மூன்று திசையும் வேண்டும். காயவிடாமல் அலசுங்கள்.

முதல் தடவை நுரை பழுப்பாக வரும். இரண்டாவது தடவை சாம்பலாக. நுரை வெள்ளையாகவே வரும்வரை விடக்கூடாது. டிரெஸ்ஸிங் ஏறிய ஆர்ச்சுக்கு மூன்று நான்கு சுற்று ஆகும், அதில் அவசரப்பட ஒன்றுமில்லை.

பம்பரின் வேக்ஸ் திட்டுக்கு மெலமைன் ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து மெதுவாகத் தேயுங்கள். அது மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி, பெயின்ட் மேல் பட்டால் கீறல் விழும். டேப்பைத் தாண்டக் கூடாது.

கடைசியாக ஆல்கஹால். 99 சதவீதம் கிடைத்தால் 250 மில்லி எடுத்து 250 மில்லி தண்ணீர் சேருங்கள். துணியில் நனைத்து ஒரு துடைப்பு, உடனே காய்ந்த துணியால் இன்னொரு துடைப்பு. துணி கருப்பாக வந்தால் இன்னும் எண்ணெய் இருக்கிறது.

பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். விரித்த துணி மாதிரி தண்ணீர் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது, திரும்பக் கழுவ வேண்டியதுதான். வெயிலில் நொறுங்கிய பிபியில் இந்தச் சோதனை நன்றாகவே வேலை செய்யும். வெயில் படாத புது பிபி இயல்பிலேயே தண்ணீரைத் தள்ளும் என்பதால் பின்பக்கத்தில் செய்து குழம்ப வேண்டாம்.

தின்னர், பெட்ரோல் இரண்டும் வேண்டாம். ஏபிஎஸ் பாகத்தில் தின்னர் பட்டால் முடிமுடியாக வெடிப்பு விழும்.

#5 பழைய_பிக்கப்

மிக்க நன்றி. பார்த்ததை எழுதுகிறேன். ஆர்ச், பம்பர்: பிபி+இபிடிஎம்-டிடி20. கவுல்: பிபி-டிடி20. மிரர்: ஏபிஎஸ். தொட்டி கேப்பில் அச்சு இல்லை, தேய்த்தால் நார் கிளம்புகிறது.

கழுவியதில் பம்பர் திட்டு முழுதும் போய்விட்டது, அதற்குமேல் எதுவும் செய்யத் தேவையில்லை போலிருக்கிறது. ஆர்ச் ஈரத்தில் கருப்பாகிறது. கவுல் ஈரத்திலும் சாம்பல்தான், ஆனால் பின்பக்கம் நல்ல கருப்பு.

ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டினால் உள்ளிருந்து எண்ணெய் வெளியே வந்து நிரந்தரமாகக் கருப்பாகும் என்கிறார்கள். செலவே இல்லாத வழியாகத் தெரிகிறது. செய்யலாமா?

#6 சூடு_காற்று

செய்யலாம், அதுவும் நன்றாகவே வேலை செய்யும். பிபிக்குத்தான் இது சரியான முறை. கன்னை நடுத்தர சூட்டில் வைத்து, 5 முதல் 8 செ.மீ. தூரத்தில், கை நிற்காமல் 5 செ.மீ. அகலப் பட்டையாக நகர்த்துங்கள். சாம்பல் நிறம் ஓரத்திலிருந்து விலகி, ஈரம் பரவுவது போல் கருப்பு முன்னேறுவது கண்ணுக்குத் தெரியும். கருப்பானதும் உடனே அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அரை செகண்ட் தாமதித்தாலும் சொரசொரப்பு இளகிப் பளபளவென்று ஒரு வட்டம் விழும், அதை எந்த வகையிலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

பாகத்தைக் கழற்றி, சமமான பலகைமேல் வைத்துத்தான் செய்ய வேண்டும். வண்டியிலேயே வைத்துச் செய்தால் பக்கத்துப் பெயின்ட் கொப்பளிக்கும். கவுலை வண்டியில் வைத்துச் செய்தால் முன் கண்ணாடி வெடிக்க வாய்ப்பு உண்டு. ஏபிஎஸ்ஸுக்குக் காட்டவே கூடாது, பெயின்ட் அடித்த எதற்கும் கூடாது.

#7 பாலிமர்

முறை சரி. ஆனால் "எண்ணெய் வெளியே வருகிறது", "நிரந்தரம்" என்ற இரண்டையும் ஏற்க முடியாது.

பிபி சுமார் 160 முதல் 165 டிகிரி செல்சியஸில் உருகும். கன் செய்வது மேல்தோலை ஒரு கணம் உருக்குவது. வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன, ஒளிச்சிதறல் நிற்கிறது, கருப்பு தெரிகிறது. எண்ணெய் என்று உள்ளே எதுவும் காத்துக்கொண்டிருக்கவில்லை. தீர்ந்துபோன ஒளித்தடுப்பும் சூடு காட்டினால் திரும்பி வராது. எனவே மேல்தோல் முன்பைவிட வேகமாக நரைக்கும். சில மாதங்களில் திரும்பக் காட்டுவீர்கள். அடுத்த தடவை பலன் குறையும். மூன்றாம் தடவை சொரசொரப்பு மழுங்கி ஓரங்கள் வளையத் தொடங்கும்.

ஒரு தடவை காட்டிவிட்டு, ஆறியதும் அதன்மேல் புற ஊதாத் தடுப்புள்ள கோட்டிங் போட்டால் அர்த்தம் உண்டு. ஆர்ச்சுக்கு அது தேவைப்படாது, ஈரத்திலேயே கருப்பாகிறதே. கழற்றிய கவுலுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

#8 சூடு_காற்று

அதை ஏற்கிறேன். கோட்டிங் போடாமல் விட்டால் திரும்ப வெளுக்கும் என்பது சரிதான். ஆனால் டால்க் வெளியே வந்த கவுல் மாதிரி பாகத்தில், மாவை பிரஷ்ஷால் எடுத்த பிறகு ஒரு முறை லேசாகச் சூடு காட்டினால் கோட்டிங் பிடிக்க உறுதியான தளம் கிடைக்கும். உதிரும் மாவின் மேல் பூசுவதைவிட அது மேல்.

#9 பட்டறைக்காரர்

கவுலுக்கு என் தேர்வு கருப்பு நிறமி கலந்த ரெஸ்டோரர், அதாவது நரைச்ச பிளாஸ்டிக்குக்கு நிறம் ஏத்தற திரவம். ஈரத்துலயும் சாம்பலா நிக்கிறதுக்கு நிறமில்லாத கோட்டிங் போட்டா அந்தச் சாம்பலையே பளிச்சுனு காட்டும். ஆர்ச்சுக்கு செராமிக் டிரிம் கோட்டிங், அது பிளாஸ்டிக் மேல இறுகி நிக்கிற நிறமில்லாத பூச்சு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

நிறமி ரெஸ்டோரர் போடும்போது அளவுதான் முக்கியம். பாட்டிலை நல்லா குலுக்குங்க, நிறமி அடியில தங்கிடும். மடிச்ச துணியில அஞ்சாறு சொட்டு விட்டு ஒரு சாண் அகலத்துக்கு அழுத்தித் தேயுங்க. பூசக்கூடாது, உள்ள இறங்கற மாதிரி தேய்க்கணும். ரெண்டு நிமிஷத்துல சுத்தமான துணியால மிச்சத்தைத் துடைச்சிடுங்க. துடைக்காம விட்டா காய்ஞ்ச பிறகும் தொட்டா கையில கருப்பு ஒட்டும், மழையில கண்ணாடி மேலயும் பெயின்ட் மேலயும் கோடா வழியும். கையுறை கட்டாயம், தோல்ல பட்டா சுலபத்துல போகாது.

செராமிக் கோட்டிங் 30 மில்லி பாட்டில் நாலு ஆர்ச், பம்பர் எல்லாத்துக்கும் வரும். நரைச்ச பிளாஸ்டிக் முதல் கோட்டைக் குடிச்சிடும், அதனால ரெண்டு கோட்டுக்குக் கணக்கு வைங்க. 30 செ.மீ. நீளம் பூசு, லேபிள்ல சொன்ன நேரம் விடு, சாதாரணமா ஒண்ணு ரெண்டு நிமிஷம், துடை, அடுத்த 30 செ.மீ. முழு ஆர்ச்சையும் பூசிட்டுத் துடைக்கலாம்னு நினைச்சா முதல் முனை இறுகிடும்.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. துடைச்ச இடத்தை நேரா பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். டார்ச்சை ஆர்ச்சோட வளைவுக்கு இணையா, கிட்டத்தட்ட பிளாஸ்டிக்கைத் தொடற மாதிரி படுக்க வைச்சு அடிச்சுப் பாருங்க. துடைக்காம விட்ட இடம் விரல் அகலத்துக்கு எண்ணெய் வழிஞ்ச மாதிரி பளபளக்கும். வளைவோட உட்பக்க மடிப்புலயும், ஸ்குரூ தலையைச் சுத்தியும்தான் பெரும்பாலும் நிக்கும். அப்பவே பார்த்தா அதே கோட்டிங்கை இன்னும் ஒரு சொட்டு மேல தேய்ச்சு இளக்கித் துடைச்சிடலாம். மறுநாள் பார்த்தா உரசித்தான் எடுக்கணும்.

முதல் 24 மணி நேரம் தண்ணி படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பூ வேண்டாம்.

#10 புதுக்கேள்வி

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். டீசல் தடவினாலே கருப்பாகிறதே, லின்சீட் ஆயிலும் வருடக்கணக்கில் நிற்கும் என்கிறார்கள். இவ்வளவு வேலை எதற்கு?

#11 பாலிமர்

டீசல் கருப்பாக்குவது ஈரம் கருப்பாக்குவது போலத்தான். ஆவியாகும் பகுதி ஆவியாகிவிடும், மீதி தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதைவிடக் கெடுதல் ரப்பருக்கு. கதவு, கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டைகள் இபிடிஎம்மால் ஆனவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இபிடிஎம் உப்பி, தளர்ந்து, இடம் விட்டு நெளியும். பிறகு மழையில் தண்ணீர் உள்ளே வரும். பெட்ரோலிய அடிப்படையிலான டிரெஸ்ஸிங்குக்கும் இதே எச்சரிக்கைதான். தண்ணீர் அடிப்படையிலானதை வாங்குங்கள்.

கொதிக்கவைத்த லின்சீட் ஆயில் கதை வேறு. அது ஆவியாவதில்லை, ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிப் படலமாகிறது. அதனால் சில மாதங்கள் நிற்பது உண்மை. ஆனால் இறுகும்வரை தூசியெல்லாம் ஒட்டும், நாளடைவில் பழுப்பேறும், அதன்மேல் வேறு எதுவும் பிடிக்காது, எடுப்பது பெரும்பாடு. அதற்கும் மேல் ஓர் ஆபத்து இருக்கிறது. அந்த எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளியாகும். துடைத்த துணியைச் சுருட்டிக் குவித்துவைத்தால் வெப்பம் உள்ளேயே சேர்ந்து, யாரும் பற்றவைக்காமலேயே தீப்பிடிக்கும். உபயோகித்தே தீருவேன் என்றால் துணியைத் திறந்த வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். ஷெட்டின் மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

#12 ஸ்ப்ரே_பெயின்ட்

மிரர் கூட்டுக்கு வருகிறேன், அதை யாரும் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

கூட்டைக் கழற்றுங்கள். உரியும் பெயின்ட்டை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, 400 வாட்டர் பேப்பரால் ஈரத்தில் தேய்த்து, 600இல் முடியுங்கள். பழைய பெயின்ட்டின் ஓரம் விரலுக்கு மேடாகத் தட்டினால் அடித்த பிறகும் அந்தக் கோடு தெரியும், சரிவாகும்வரை தேயுங்கள். ஆல்கஹால் துடைப்பு. ஏபிஎஸ் என்பதால் பிளாஸ்டிக் பிரைமர் ஒரு மெல்லிய கோட், பிறகு சாட்டின் கருப்பு டிரிம் பெயின்ட் மூன்று மெல்லிய கோட். கேன் 20 முதல் 30 செ.மீ. தூரம். பாகத்துக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியுங்கள். கோட்டுக்கு நடுவே 10 நிமிடம். முதல் கோட்டில் பின்னால் இருப்பது தெரியத்தான் வேண்டும். ஒரே கோட்டில் மூட நினைத்தால் வழியும்.

பிபி பாகத்தைப் பெயின்ட் செய்வதென்றால் முறை மாறும். பிபியின் மேற்பரப்பில் பெயின்ட் விரிந்து ஒட்டாது. சாதாரண பிரைமர் அடித்தால் சில மாதத்தில் தாளாக உரியும். அதற்குத்தான் அட்ஹீஷன் புரமோட்டர், பெயின்ட்டைப் பிடிக்கவைக்கும் அடிப்பூச்சு. சாம்பல் நிற ஸ்கஃப் பேடால் கிளீனர் போட்டுப் பளபளப்பு போகும்வரை உரசி, காயவைத்து, ஆல்கஹால் துடைத்து, புரமோட்டர் இரண்டு மெல்லிய கோட். கேனில் எழுதியிருக்கும் நேரத்துக்குள், பலவற்றில் 10 முதல் 30 நிமிடம், கருப்பு அடித்தாக வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் புரமோட்டர் அடித்த பயனே இல்லை. பிபி உரியும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த நேரத்தைத் தவறவிட்டவைதான்.

400 மில்லி கேன் மூன்று கோட்டுக்கு அரை முதல் முக்கால் சதுர மீட்டர் வரும். நான்கு ஆர்ச்சுக்கு ஒரு கேன் போதாது, இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

#13 பழைய_பிக்கப்

அப்படியானால் ஆர்ச்சையும் பெயின்ட்டே செய்துவிட்டால் நீண்ட நாள் நிற்காதா? கோட்டிங் எப்படியும் ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பப் போட வேண்டியதுதானே?

#14 ஸ்ப்ரே_பெயின்ட்

பெயின்ட் செய்பவனாகவே சொல்கிறேன், ஆர்ச்சுக்கு வேண்டாம். டயரிலிருந்து கல் தெறிக்கும் இடம் அது. பெயின்ட்டில் ஒரு புள்ளி உடைந்தால் அதற்கு அடியில் தண்ணீர் போய் அங்கிருந்து உரியும். கோட்டிங் தேயும்போது மெதுவாக மங்கும், திரும்பக் கழுவிப் பூசினால் முடிந்தது. பெயின்ட் உரிந்தால் முழுக்கச் சுரண்டாமல் திரும்ப அடிக்க முடியாது. ஒருமுறை பெயின்ட் செய்த பிளாஸ்டிக் என்றைக்கும் பெயின்ட் செய்த பிளாஸ்டிக்தான்.

தொட்டி கேப்புக்கு மட்டும் நிலைமை வேறு. ஆழமான கீறல் கோட்டிங்கால் மறையாது. நார் கிளம்பியது என்றால் அது பிபி குடும்பம், சாதாரண பட்டி அதில் ஒட்டாது. கீறலின் எழும்பிய விளிம்புகளைக் கத்தியால் சமமாக்கி, புரமோட்டர் அடித்து, பிக்கப் தொட்டிக்குள் பூசும் சொரசொரப்பான பெட்லைனர் கோட்டிங் போடுங்கள். கீறல் அதன் சொரசொரப்புக்குள் மறையும், சரக்கு ஏற்றும்போது உரசுவதையும் தாங்கும். இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் வகை என்றால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரணத் துணி மாஸ்க் எதற்கும் ஆகாது, அதற்குரிய முழு சுவாசப் பாதுகாப்பு இல்லாமல் ஸ்ப்ரே செய்யாதீர்கள். ரோலரால் பூசும் ஒற்றைப் பாக வகை கேப்புக்குத் தாராளமாகப் போதும்.

#15 கழுவுதுறை

கழற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 20 வருட கவுலும் அதன் கிளிப்புகளும் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். வைப்பர் கையைக் கழற்றும் முன் அது நிற்கும் இடத்தில் கண்ணாடி மேல் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். புஷ் கிளிப்பின் நடு ஊசியை முதலில் தூக்குங்கள், பிறகுதான் தலை. வராவிட்டால் நெம்பாதீர்கள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் விட்டால் இளகும். அப்படியும் நாலைந்து உடையும், மாற்றுக் கிளிப் பத்து வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். அடியில் வாஷர் ஹோஸ் இருக்கும், அதைக் கழற்றாமல் தட்டை இழுக்க வேண்டாம். கழற்றிய கையோடு உள்ளே சேர்ந்த சருகை அள்ளி, வடிகால் ஓட்டைகளில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அது அடைத்தால் தண்ணீர் கேபினுக்குள் இறங்கும்.

ஆர்ச்சை வண்டியிலேயே வைத்துப் பூசலாம்தான். ஆனால் இந்த வயதில் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது பாடிக்கு நல்லது. ஆர்ச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே சேறு நின்று ஈரம் பிடித்துத் துரு வைக்கும். மாட்டும்போது விளிம்பு ரப்பர் பட்டை இல்லாமல் மாட்டாதீர்கள், பிளாஸ்டிக் விளிம்பு அதிர்ந்து அதிர்ந்து பெயின்ட்டை அறுத்துவிடும்.

பராமரிப்பு சுருக்கம்தான். காரம் அதிகமான டிராஃபிக் ஃபிலிம் ரிமூவர் (சாலை அழுக்கை எடுக்கும் கிளீனர்) கோட்டிங்கைத் தின்றுவிடும், சாதாரண ஷாம்பூ போதும். பிரஷர் வாஷர் முனை ஒரு அடிக்குக் கிட்டே வரக்கூடாது, அதுவும் ஓரத்தை நோக்கி அடிக்கக் கூடாது. பாடிக்கு வேக்ஸ் போடும்போது பம்பர் ஓரத்தில் டேப் ஒட்டினால் அந்த வெள்ளைத் திட்டு திரும்ப வராது.

#16 பழைய_பிக்கப்

வேலை வரிசையை இப்படி வைத்திருக்கிறேன். முதலில் ஆர்ச், கவுல், கேப், மிரர் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவுவது. அடுத்து ஆர்ச்சுக்கு செராமிக், பம்பருக்கும் அதிலேயே ஒரு கோட். பிறகு கவுலுக்குப் பின்பக்கத்தில் சூடு பழகிப் பார்த்து, மேலே ஒரு முறை காட்டி, நிறமி ரெஸ்டோரர். கடைசியாக மிரர் பெயின்ட், கேப் பெட்லைனர். தவறு இருந்தால் சொல்லுங்கள்.

#17 ஸ்ப்ரே_பெயின்ட்

வரிசையைத் தலைகீழாக்குங்கள். மிரரும் கேப்பும் முதலில், கோட்டிங்கும் ரெஸ்டோரரும் கடைசியில். டிரெஸ்ஸிங், கோட்டிங் வகைகளில் சிலிக்கோன் இருக்கும். அது துணியில், கையுறையில், மேஜையில் ஒட்டிக்கொண்டு மிரருக்கு வந்து சேர்ந்தால், பெயின்ட் அடித்த அடுத்த நிமிடமே வட்ட வட்டமாக மீன்கண் விழும். அடியில் பிளாஸ்டிக் எட்டிப்பார்க்கும் அந்தக் குழிகளை இன்னொரு கோட் அடித்து மூட முடியாது. காயவிட்டு, முழுதும் தேய்த்து, திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

#18 பட்டறைக்காரர்

அதோட துணிகளையும் பிரிச்சு வைங்க. கழுவினது, பெயின்ட்டுக்குத் துடைச்சது, கோட்டிங் துடைச்சது மூணும் மூணு வாளி. கோட்டிங் துடைச்ச துணியைத் துவைச்சுத் திரும்ப உபயோகிக்கிறது வேண்டாம், இறுகின கோட்டிங் நார்ல நின்னு அடுத்த தடவை பெயின்ட்டைக் கீறும்.

கவுல்ல சூடு காட்டறதா இருந்தா பின்பக்கத்துல பழகறதுல பிரயோஜனம் இல்லை, அது நரைக்கவே இல்லையே, நிறம் மாறறது தெரியாது. வைப்பர் கைக்கு அடியில மறையற ஒரு மூலையில ஆரம்பிங்க.